அறுபத்து நான்கு மணித்தியாலங்கள்

செப்டெம்பர் 3, ஞாயிறு

பின்வளவில் நின்ற மிளகாய்க் கன்றுகள் ஆறையும் சாடிகளுக்கு மாற்றினேன். குளிர் தொடங்க முன் உள்ளே எடுத்தால்தான் தப்பும். மனைவி மலர் கறிவேப்பிலையையும் எடுக்கச் சொன்னாள். அது என் உயரம் வளர்ந்துவிட்டது. இனி அடுத்த கிழமைதான்.

சாம்பவி மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து எனக்கும் காட்டினாள். பரீட்சைப் புள்ளிகள் தனியாகப் போகுமாம். அதைவிட, கடந்த சில வருடங்களில் என்னென்ன செய்தாய் என்று ஒரு பட்டியல் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணித்தியாலம், உண்மைதானா என்று யாரிடம் விசாரிக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். நீச்சல் தடாகத்தில் உயிர்காப்பாளர் வேலை, தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது, முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுத்தது என்று பதினொரு விடயங்கள் எழுதியிருந்தாள். ‘ஆராய்ச்சி’ என்ற பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது.

“ஏன் பிள்ளை, அந்த ரெலிபோன் ஆராய்ச்சியைப் போடேல்லை?”

“அது சின்ன வேலை அப்பா. போடுற அளவுக்கு இல்லை.”

சின்ன வேலையாம். மே மாதம் முதல் ஓகஸ்ட் கடைசி வரை பதினேழு சனிக்கிழமைகள், இந்த வீட்டில் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை தொலைக்காட்சி போட முடியாது. எனக்குத் தெரியாதா அது சின்ன வேலையா பெரிய வேலையா என்று.


செப்டெம்பர் 5, செவ்வாய்

நான் வேலை செய்யும் பாண் தொழிற்சாலையில் இன்று மாவு வண்டி பிந்தி வந்தது. இரண்டு மணிக்கு முடிய வேண்டிய வேலை மூன்றரைக்குத்தான் முடிந்தது.

பஸ்ஸில் வரும்போது சாம்பவியின் அந்த வேலையைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். பின்னாளில் வாசிக்க இதை எழுதி வைக்க வேண்டும்.

டொக்டர் கோல் என்று ஒரு அம்மா. முதியவர்கள் விழுவதைப் பற்றி ஆராய்கிறார். யார் எப்போது எப்படி விழுகிறார்கள் என்று வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டு எழுத வேண்டும். ஆங்கிலம் தெரியாத தமிழர் பதினான்கு பேர் அந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள். அவர்களோடு கதைக்கத்தான் சாம்பவியைப் பிடித்தார்கள். சம்பளம் இல்லை.

முதல் சனிக்கிழமை பதினான்கு பேரும் ‘விழவில்லை’ என்று சொன்னார்களாம். இரண்டாம் சனியும் அப்படியே. மூன்றாம் சனி அவள் அறையை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

“அப்பா, ஒரு அம்மா சொல்லுறா, ‘நான் விழேல்லைப் பிள்ளை, நிலத்திலை இருந்திட்டன்’ எண்டு. அது விழுந்ததுதானே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. இவர்கள் விழுந்ததைச் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. சொன்னால் பிள்ளைகள் தனியாகக் கோயிலுக்கு விடமாட்டார்கள், படியேற விடமாட்டார்கள், கடைசியில் வீட்டை விற்றுவிட்டு எங்காவது கொண்டுபோய் விடுவார்கள் என்று பயம். அதனால் அவள் டொக்டர் கோலிடம் அனுமதி கேட்டு, ஆங்கிலக் கேள்வியை வைத்துக்கொண்டு தமிழில் தானாக ஆறு கேள்விகள் எழுதினாள். ‘தடுமாறி எங்கையாவது பிடிச்சனீங்களோ?’ ‘நினைக்காமல் நிலத்திலை இருந்தனீங்களோ?’ ‘உடம்பிலை எங்கையும் கண்டல் இருக்கோ?’ இப்படி. அடிபட்டுக் கறுத்த இடத்துக்குக் கண்டல் என்ற சொல்லை நான்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பதினான்கு பேரும் அவளிடம் கதை கதையாகச் சொன்னார்கள். யார் யார் என்று இன்றுவரை எங்களுக்கு அவள் பெயர் சொன்னதில்லை. மலர் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். “ஒரு ஐயா”, “ஒரு அம்மா” என்பதற்கு மேல் ஒரு சொல் வெளியே வராது.

இருபத்திரண்டு வயதில் எனக்கு இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை.


செப்டெம்பர் 9, சனி

மலரின் தம்பி குகன் வந்திருந்தான். வீடு வாங்கி விற்கும் தொழில் என்பதால் எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லுவான். நல்லவன். சாம்பவியின் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“ஆராய்ச்சி இல்லாமல் அனுப்பப் போறியோ? விசரே உனக்கு? என்ர கூட்டாளியின்ர மகள் ரெண்டு வருசம் எலியளை வைச்சு ஆராய்ச்சி செய்தவள். கட்டுரையிலை பேரும் வந்திருக்கு.”

“என்ர பேர் ஒண்டிலையும் வராது மாமா. நான் போன் எடுத்தனான், அவ்வளவுதான்.”

“போன் எடுத்தனான் எண்டே எழுதுறது? ‘முதியோர் நலன் குறித்த மருத்துவ ஆராய்ச்சியில் தரவு சேகரிப்புப் பொறுப்பாளர்’ எண்டு போடு. நூறு மணித்தியாலம் எண்டு போடு. ஆர் எண்ணப் போகினம்?”

“நான் எண்ணினனான்.”

குகன் என்னைப் பார்த்தான். நான் அவன் பக்கமா, அவள் பக்கமா என்று எனக்கே தெரியவில்லை. பெரிதாக்க வேண்டாம், ஆனால் போடாமல் விடுவதும் அநியாயம் என்று சொன்னேன். டொக்டர் கோல் சிபாரிசுக் கடிதம் தருவதாக அவராகவே சொல்லியிருக்கிறார். மூன்று கடிதம் வேண்டும். அதில் ஒன்று அது.

சாம்பவி மடிக்கணினியை மூடிக்கொண்டு மேலே போய்விட்டாள். அவள் பொதுவாக அப்படி எழும்பிப் போகிறவள் இல்லை.


செப்டெம்பர் 10, ஞாயிறு

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். கோடை ஒன்றுகூடல் படங்களைச் சங்கத்தின் ஆண்டிதழில் போடப் போகிறார்களாம். வரவேற்புரை நிகழ்த்தியவர் என்ற முறையில் என்னுடைய படம் ஒன்று கேட்டார். தேடி எடுத்தேன். பூங்காவில் மேப்பிள் மரத்துக்குக் கீழே நான், பக்கத்தில் மலர், மறு பக்கத்தில் சாம்பவி. அன்று எல்லோருக்கும் அவளை அறிமுகம் செய்து வைத்தேன். “டொக்டருக்குப் படிக்கப் போகிறா” என்று சொல்லும்போது ஒரு தனிச் சந்தோசம்தான்.

படத்தில் அவள் சிரிக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

படத்தின் மூலையில் திகதி இருக்கிறது. ஜூலை 15. சனிக்கிழமை. அன்று அவள் அழைப்புகளை எப்போது முடித்தாள் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நாங்கள் எட்டரைக்கே வெளிக்கிட்டோம்.

கறிவேப்பிலையைச் சாடிக்கு மாற்றினேன். வேர் அறுந்துவிட்டதோ தெரியாது.


செப்டெம்பர் 12, செவ்வாய்

வேலை. நாரி நோவு, குனிய முடியவில்லை. வேறொன்றும் இல்லை.


செப்டெம்பர் 16, சனி

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாம்பவி எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னாள். மலர் பயந்துபோய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தாள்.

“நான் ஏன் அந்த ஆராய்ச்சியைப் போடேல்லை எண்டு சொல்லோணும்” என்று தொடங்கினாள்.

ஜூலை பதினைந்தாம் திகதி அவள் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. பதினான்கு பேருக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று தானாக நிரப்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை எடுத்தபோது ஒரு ஐயா சொன்னாராம், “பிள்ளை, போன கிழமை உம்மைக் காணேல்லை. நான் பதின்மூண்டாம் திகதி குளியலறையிலை விழுந்து மணிக்கட்டு வெடிச்சுப்போச்சு. நீர் எடுப்பீர் சொல்லுவம் எண்டு இருந்தனான்.” அவருடைய மகனுக்குக்கூட அவர் கதவில் அடிபட்டது என்றுதான் சொல்லியிருந்தாராம். இவளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லக் காத்திருந்தார்.

“அவருக்கு என்ன சொன்னனீ?” என்று மலர் கேட்டாள்.

“சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னனான். ஆனா தாளைத் திருத்தேல்லை. திருத்தினா ஏன் முதல் ‘இல்லை’ எண்டு போட்டனீ எண்டு கேட்பினம். பயந்திட்டன். இப்ப டொக்டர் கோலின்ர கணக்கிலை அந்த ஐயா பதினேழு கிழமையும் விழாத மனுசன்.”

மலர் அவள் கையைப் பிடித்தாள்.

“ஏன் அண்டைக்கு எடுக்கேல்லை?” என்று பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஒன்றுகூடலுக்குப் போனம் அம்மா. நேரம் இருக்கேல்லை.”

அவ்வளவுதான் சொன்னாள். வீட்டில் அன்று காலை யார் யார் என்ன கதைத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் அந்தக் கதைக்குப் போகவில்லை.


செப்டெம்பர் 17, ஞாயிறு

நான் என் கருத்தைச் சொன்னேன். விண்ணப்பத்தில் அதைப் போடாமல் விடு, அதோடு முடிந்தது. டொக்டர் கோலுக்குச் சொல்லத் தேவையில்லை. இருநூற்று முப்பத்தெட்டு அழைப்புகளில் பதினான்கு. பெரிய ஆராய்ச்சியில் இது கடலில் ஒரு துளி. கடிதத்துக்கு வேறு யாரையும் கேட்கலாம்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போடாமல் விட்டா எனக்கு மட்டும்தான் அப்பா முடிஞ்சது. அந்த ஐயா இன்னும் அந்தத் தாளிலை விழாமலே இருக்கிறார்.”

“அவருக்கு இப்ப கை சுகம்தானே?”

“அவரின்ர கையைப் பற்றி இல்லை அப்பா. இதை வைச்சு நாளைக்கு யாரோ ஒரு டொக்டர், இப்பிடியான ஆக்கள் விழமாட்டினம் எண்டு நினைப்பா.”

நான் எழும்பிப் போய் வாகனத்துக்கு எண்ணெய் பார்த்தேன். எண்ணெய் போன மாதம்தான் மாற்றியது.


செப்டெம்பர் 18, திங்கள்

வேலையால் வந்தபோது சாம்பவி மின்னஞ்சலை எழுதி வைத்திருந்தாள். அனுப்ப முன் எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். நீளமில்லை. எந்தத் திகதி, எத்தனை வரிகள், அந்த ஐயா அடுத்த வாரம் என்ன சொன்னார் என்பதெல்லாம் நேராக இருந்தது. மன்னிப்பு ஒரு வரி. கடைசியில் ஒரு வசனம்: ‘இது முழுக்க என்னுடைய முடிவு. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.’

“அந்தக் கடைசி வசனம் தேவையோ?” என்று கேட்டேன்.

“தேவை” என்றாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

இதை இங்கேயாவது எழுத வேண்டும். இந்த டயறியை நான் மட்டும்தான் வாசிக்கிறேன்.

ஜூலை 15 காலை எட்டு மணிக்கு அவள் தாள்களை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தாள். “அப்பா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் எடுத்து முடிச்சிட்டு பஸ்ஸிலை வாறன்” என்று சொன்னாள். என்னுடைய உரை பத்து மணிக்கு. அவள் இல்லாமல் போக எனக்கு விருப்பமில்லை. “எல்லாரும் இல்லை எண்டுதானே சொல்லப் போகினம். இல்லை எண்டு போட்டிட்டு வா. ஒரு கிழமைதானே” என்று சொன்னது நான். அவள் இரண்டு தரம் மறுத்தாள். நான் குரலை உயர்த்தினேன். மலர் மேலே சேலை உடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இது கேட்கவில்லை.

ஏன் எனக்கு அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதும் தெரியும். தொழிற்சாலையில் பாண் சுடும் சூளைகள் நான்கு. ஒவ்வொரு மணித்தியாலமும் போய்ச் சூட்டைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். நான் பன்னிரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரேயடியாக எல்லாப் பெட்டிகளையும் நிரப்பி வருகிறேன். எல்லோரும் அப்படித்தான்.

என்னுடைய உரை ஏழு நிமிடம்.


செப்டெம்பர் 19, செவ்வாய்

பதில் இல்லை.


செப்டெம்பர் 20, புதன்

பதில் இல்லை. சாம்பவி நீச்சல் தடாகத்துக்கு வேலைக்குப் போய் வந்தாள். வழமைபோலச் சாப்பிட்டாள். நான்தான் பாதியில் எழும்பிவிட்டேன்.


செப்டெம்பர் 22, வெள்ளி

டொக்டர் கோல் நான்கு மணிக்குத் தொலைபேசி எடுத்தார். சாம்பவி அறைக்குள் போய்க் கதைத்தாள். இந்த முறை கதவை மூடவில்லை. நானும் மலரும் படியடியில் நின்றோம். அவள் அதிகம் கதைக்கவில்லை. “ஓம்”, “விளங்குது” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, “நீங்கள் எழுதுங்கள்” என்றாள்.

கீழே வந்து எங்களுக்கு இடையில் இருந்துகொண்டு சொன்னாள்.

அந்தப் பதினான்கு வரிகளையும் வெட்டிவிடுவார்கள். ஆராய்ச்சி ஒழுங்குகளைக் கவனிக்கும் குழுவுக்கு அறிவித்தாகிவிட்டது. அந்த ஐயாவிடம் டொக்டர் கோலின் ஆட்கள் மறுபடி கேட்டு, ஜூலை பதின்மூன்றை முறைப்படி பதிந்துகொண்டார்கள். டொக்டர் கோலுக்குக் கோபம் இருந்ததாம். மூன்று நாள் பதில் போடாததற்கு அதுதான் காரணம் என்று அவரே சொன்னாராம்.

“கடிதம்?” என்று மலர் கேட்டாள்.

“தாறாவாம். ஆனா இதையும் அதிலை எழுதுவாவாம். நிரப்பினதையும், நானாச் சொன்னதையும். மறைச்சு எழுத ஏலாதாம். வேண்டாம் எண்டா இப்பவே சொல்லு, வேறை ஆரையும் கேள், எனக்குக் குறை இல்லை எண்டு சொன்னா.”

“நீ?”

“எழுதச் சொல்லிட்டன்.”

நான் எழும்பிவிட்டேன். எனக்கு வாய் அடங்கவில்லை. “அந்தக் கடிதத்தை வாசிக்கிற ஆக்களுக்கு உன்னைத் தெரியுமோ? பொய் எழுதினவள் எண்டுதான் முதல் வரியிலை தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூட அதிபரைக் கேட்டா நாளைக்கே நல்லதாத் தருவார். பதினாறு வருசப் படிப்பு, பிள்ளை!”

“அதிபர் எழுதுறது எல்லாம் உண்மையாத்தான் இருக்கும் அப்பா. ஆனா டொக்டர் கோலுக்குத்தான் என்னை முழுக்கத் தெரியும்.”

பிறகு, ஏதோ மறந்துபோனதை நினைத்தவள்போல, “நான் தமிழிலை எழுதின கேள்வியளை வாற வருசம் எல்லா இடமும் பாவிக்கப் போகினமாம். மற்ற ஆக்கள் எடுத்த இடங்களிலை, விழுந்ததைப் பாதிப் பேர்தான் சொன்னவையாம். எங்கட பதினாலு பேரும்தான் எல்லாரையும் விடக் கூடச் சொல்லியிருக்கினமாம்” என்றாள்.

இதை அவள் முதலில் சொல்லியிருக்கலாம். கடைசியில்தான் சொன்னாள்.


செப்டெம்பர் 25, திங்கள்

இன்று ஒவ்வொரு மணித்தியாலமும் நான்கு சூளைக்கும் நடந்தேன். பார்த்து எழுதினேன். எல்லாச் சூடும் சரியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் நான் எழுதியதும் அநேகமாகச் சரியாகத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் வேலை செய்கிறவன், “என்ன, மேலதிகாரி ஆரும் வாறாங்களோ?” என்று கேட்டான். இல்லை என்றேன். கால் நோகிறது.


செப்டெம்பர் 30, சனி

விண்ணப்பம் போய்விட்டது. திங்கட்கிழமை கடைசி நாள், அவள் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பினாள்.

‘ஆராய்ச்சி’ என்ற பகுதியில் அவள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘பதினான்கு முதியவர்களுக்கு வாரந்தோறும் தொலைபேசி எடுத்தேன். விழுந்தார்களா என்று கேட்டு, சொன்னதை எழுதினேன். கேள்விகளைத் தமிழில் ஆக்கினேன்.’ தலைப்பு, ‘தொலைபேசி அழைப்பாளர்.’ குகன் சொன்ன பொறுப்பாளர் என்ற சொல் எங்கும் இல்லை.

மணித்தியாலம் என்ற பெட்டியில் அறுபத்து நான்கு.

“பதினேழு சனி, நாலு மணித்தியாலம். அறுபத்தெட்டு எல்லோ வரோணும்?” என்றேன்.

“ஒரு சனி வேலை செய்யேல்லையே அப்பா.”

நான் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டேன். மூன்று கோப்பை. சீனி போட மறந்துவிட்டேன். மூவரும் அப்படியே குடித்தோம்.

என் மகள் என்பதற்காக எழுதவில்லை. வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் இப்படி ஒரு பிள்ளையை நான் எழும்பி நின்றுதான் பார்ப்பேன்.


ஜனவரி 30, செவ்வாய்

இந்த வருடத்து டயறி குகனின் கம்பெனியுடையது. அட்டையில் அவனுடைய படம். அதைப் பார்த்துத்தான் தினமும் எழுத வேண்டியிருக்கிறது.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு இடங்களிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு இடத்துக்கு அனுப்பினாள். இரண்டு என்பது நல்லதுதான் என்கிறாள். மலர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். மற்ற நான்கு இடங்களும் அந்தக் கடிதத்தால்தான் கூப்பிடவில்லையோ என்று மனதில் ஓடுகிறது. அவளிடம் கேட்கவில்லை.


பெப்ரவரி 10, சனி

இது இரண்டாவது நேர்முகம். ஒன்றரை மணித்தியால ஓட்டம். வழி முழுக்கப் பனி. நான்தான் ஓட்டினேன். பின்னேரம் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை வாகனத்துக்குள் இருந்தேன்.

வந்து ஏறியவள் நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகுதான் தொடங்கினாள்.

“டொக்டர் கோலின்ர கடிதத்தைப் பற்றிக் கேட்டவை அப்பா.”

“என்னவாம்?” என்றேன்.

“மூண்டு பேர் இருந்தவை. ஒரு வயசான டொக்டர், ‘அறுபத்து நாலு மணித்தியாலம் போன் எடுத்ததை ஏன் ஆராய்ச்சி எண்டு போட்டனீ? இதை விட்டிருந்தா இந்தக் கடிதமே வந்திருக்காதே’ எண்டு கேட்டார். இதிலைதான் நான் ஆக்களின்ர பேச்சைக் கேட்கப் பழகினனான், இதிலைதான் பிழையும் விட்டனான், ரெண்டையும் பிரிச்சு ஒண்டை மட்டும் தர ஏலாது எண்டு சொன்னனான்.”

“பிறகு?”

“உன்னை ஆரும் அப்பிடிச் செய்யச் சொன்னவையோ எண்டு கேட்டார்.”

கண்ணாடியில் பனி துடைக்கும் தடியின் வேகத்தைக் கூட்டினேன்.

“நீ என்ன சொன்னனீ?”

“பேனை என்ர கையிலைதான் இருந்தது எண்டு சொன்னனான்.”

அது பொய்யில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த ஒரு நொடியில் அப்படி ஒரு பதிலை அவளால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது என்று வீடு வரும்வரை யோசித்தேன். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “பசிக்குதோ?” என்று கேட்டேன். வழியில் நிறுத்திச் சூப் வாங்கிக் குடித்தோம்.


மே 14, செவ்வாய்

முடிவு வரும் நாள் என்பதால் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் நின்றேன். காலை எட்டு ஐம்பதுக்கு சாம்பவி படியால் இறங்கி வந்தாள். முதல் நேர்முகம் நடந்த இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெப்ரவரியில் பனிக்குள் போன இடம் எடுத்துவிட்டது.

மலர் அழுதாள். நானும் அழுதேன் என்று இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. சாம்பவி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள்.

மலர் கேசரி கிளறத் தொடங்கினாள். பத்து மணிக்குள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. குகன் தொலைபேசி எடுத்தபோது மலரின் கையில் கரண்டி இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன்.

“அத்தான்! எல்லாம் உங்கட வளர்ப்பு அத்தான்!” குகன் கத்தினான். “நான் அண்டைக்குப் பெரிசாப் போடச் சொன்னனான். பிள்ளை கேட்கேல்லையே. பிழையைத் தானா ஒத்துக்கொண்டு எழுதிச்சுது பாருங்கோ, அது ஆர் பழக்கினது? நீங்கள்தானே?”

மலர் பெருமையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பவி கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ‘ஏதோ எங்களால் முடிஞ்சது’ என்று சொல்லி முடித்திருக்கலாம். வாயில் அதுதான் வந்தது.

“குகன், கொஞ்சம் பொறு” என்றேன். “அந்தப் பிழையைச் செய்யச் சொன்னதே நான்தான்.”

மலரின் கரண்டி நின்றது.

“ஒன்றுகூடல் அண்டைக்கு அவள் வீட்டிலை நிண்டு போன் எடுக்கப் போறன் எண்டு சொன்னவள். நான்தான் இல்லை எண்டு நிரப்பிப்போட்டு வா எண்டு ஏசினனான். எல்லாருக்கும் முன்னாலை அவளைக் காட்டோணும் எண்டு எனக்கு ஆசை. அவள் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. டொக்டருக்கும் சொல்லேல்லை, நேர்முகத்திலை கேட்டபோதும் சொல்லேல்லை, தாய்க்கும் சொல்லேல்லை. பத்து மாசமா நானும் சொல்லேல்லை. அதாலை என்ர வளர்ப்பு எண்டு சொல்லாதை.”

கேசரி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. மலர் அடுப்பை நிற்பாட்டவில்லை, சாம்பவிதான் போய் நிற்பாட்டினாள்.

“அத்தான், இண்டைக்கு ஏன் இதெல்லாம்...” என்றான் குகன்.

“மாமா, நாங்கள் பிறகு எடுக்கிறம்” என்று சொல்லிச் சாம்பவி தொலைபேசியை வைத்தாள்.

மலர் கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டாள். “நானும் அதே வீட்டிலைதானே இருந்தனான்” என்று மட்டும் சொன்னாள். பிறகு மேலே போய்விட்டாள். அவளுக்கு என்மேல் கோபம் இருக்கத்தான் வேண்டும். சில நாள் இருக்கும்.

சாம்பவி கேசரியின் அடிப்பிடிக்காத பக்கத்தில் வழித்து ஒரு கிண்ணத்தில் எனக்குத் தந்தாள். பக்கத்தில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “அப்பா, நான் டொக்டர் கோலுக்கு நன்றி எழுதப் போறன். உங்களுக்கும் ஏதும் எழுதோணுமோ?” என்று கேட்டாள்.

“என்ர இங்கிலிஷிலை என்னத்தை எழுதுறது?”

“தமிழிலை சொல்லுங்கோ. நான் ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுறன்.”

மடிக்கணினியைத் திறந்தாள். நான் சொன்னேன். என் பெயர், நான் அவளுடைய தகப்பன், அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் அவளுக்குச் சொன்ன சொற்கள், நான் குரலை உயர்த்தியது எல்லாம். சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எங்கேயும் நிறுத்தவில்லை, எதையும் மெதுவாக்கவில்லை. நான் முடித்ததும் ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தாள்.

“ரெண்டு தரம் மறுத்தவள் எண்டு சொன்னீங்கள்” என்றாள். “ஒருக்காத்தான் அப்பா மறுத்தனான்.”

“ரெண்டு தரம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நான் சொன்னபடியே விட்டாள்.